வேட்டைப் பறவை பண்ணைக் கோழி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வார இணைப்பில், வேட்டையாடிக் கொண்டுவந்த பறவைகளை வீட்டில் எப்படிச் சமைப்பது என்று வந்திருந்த குறிப்பைப் படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் ஆவலோடுதான் படிக்க ஆரம்பித்தேன். ஆனால் கறியை ராத்திரி முழுக்க வினிகரில் ஊறப்போட்டால் காட்டு வாடை போய்விடும், நெஞ்சுக்கறியை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடலாம், அப்புறம் கோழிக்குச் செய்வது போலவே ஒரு மணி நேரம் நன்றாக வேகவிட்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று யோசனையுமே தவறு. முதலாவது உடம்புக்குக் கெடுதல், இரண்டாவது கொன்ற உயிரை வீணாக்குவது, மூன்றாவது இருக்கிற ருசியையும் கெடுப்பது. வேட்டைக்குப் போகிறவர்கள் இருக்கும் வீட்டில் பல வருடமாக இந்தப் பறவைகளைச் சுத்தம் செய்து சமைத்துவரும் எனக்கு இதைச் சும்மா விட மனம் வரவில்லை. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது சட்டம் அனுமதிக்கும் இடத்தில், அனுமதிக்கும் பருவத்தில், உரிமம் வாங்கி, ஒரு ஆளுக்கு இத்தனை என்ற வரம்புக்குள் சுடப்பட்ட பறவைகளைப் பற்றி மட்டும்தான். காட்டுப் பறவையின் மேல் கை வைப்பதே சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருக்கும் நாடுகளும் உண்டு. உங்கள் பத்திரிகையை எங்கெங்கோ இருக்கிற தமிழர்கள் இணையத்தில் படிக்கிறார்கள், அவரவர் ஊர்ச் சட்டம் வேறு வேறு. அப்படியிருக்க, இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் நேராக அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னது சரியில்லை.

சரி, கறிக்கு வருவோம். உங்கள் குறிப்பு சட்டியில் எண்ணெய் ஊற்றுவதிலிருந்து ஆரம்பிக்கிறது. அதற்கு ரொம்ப முன்னாலேயே, பறவை விழுந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கறியின் பாதித் தலைவிதி முடிவாகிவிடுகிறது. பறவையின் உடம்புச் சூடு நம்முடையதைவிட அதிகம், 40 டிகிரி செல்சியஸைத் தொடும், பெரும்பாலும் தாண்டும். அதற்கு மேல் அந்தச் சூட்டை வெளியே விடாத இறகு வேறு. விழுந்த பறவையை அப்படியே பிளாஸ்டிக் பைக்குள் திணித்து, அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் இன்னொன்று என்று அடுக்கி, வண்டியின் பின்பக்கம் போட்டுவிட்டு மத்தியானம் வரை சுற்றினால் உள்ளே இருக்கும் சூடு எப்படிப் போகும்? குடலில் இருக்கும் கிருமிகள் அந்தக் கதகதப்பில்தான் வேகமாகப் பெருகும். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது அடிவயிற்றுத் தோல் பச்சை பூத்திருக்கும், புளித்த மாதிரி ஒரு நாற்றம் வரும். நிறையப் பேர் இதைத்தான் காட்டு வாடை என்று நினைத்துக்கொண்டு வினிகரையும் மசாலாவையும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். அது கறி கெட ஆரம்பித்த வாடை. அதை மறைக்கக் கூடாது, அந்தப் பறவையைச் சமைக்கவே கூடாது.

ஒழுங்காகக் குளிர்வித்த கௌதாரியிலோ காட்டுக் கோழியிலோ மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடை எதுவும் இருக்காது. பண்ணைக் கோழியைவிடக் கொஞ்சம் அழுத்தமான கறி மணம் இருக்கும், அவ்வளவுதான். அதற்குச் செய்ய வேண்டியதும் பெரிய வித்தை இல்லை. பறவைகளைத் தனித்தனியாகக் கயிற்றில் கட்டி நிழலில் காற்றுப் படும்படி தொங்கவிட வேண்டும். வெயில் நாளாக இருந்தால் ஐஸ் பெட்டி கட்டாயம், ஆனால் உருகும் தண்ணீரில் பறவை ஊறக் கூடாது, நடுவில் ஒரு தட்டோ அட்டையோ போட்டு மேலே வைக்கலாம். குண்டு வயிற்றில் பாய்ந்து குடல் கிழிந்திருந்தால் வீடு வரைக்கும் காத்திருக்காமல் அங்கேயே குடலை எடுத்துவிடுவது நல்லது. மற்றபடி களத்திலேயே முழுக்க உரித்துவிடத் தேவையில்லை, உரித்துவிடவும் முடியாது, ஏனென்றால் இன்ன பறவை என்று அதிகாரிகள் அடையாளம் காண்பதற்காக வீடு சேரும்வரை தலையையோ ஒரு முழுச் சிறகையோ விட்டுவைக்க வேண்டும் என்ற விதி சில நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் வலசை வரும் வாத்துகளுக்கு இப்படித்தான்.

பறவைக் காய்ச்சலைப் பற்றியும் உங்கள் குறிப்பு பேசவில்லை. எச்5என்1 கிருமி காட்டு நீர்ப்பறவைகளிடம் பரவிக்கொண்டிருக்கும் காலம் இது. சில வாத்துகள் நோய் அறிகுறி எதுவும் இல்லாமலேயே அதைச் சுமந்து திரியும். தள்ளாடுகிற, பறக்க முடியாத, செத்துக் கிடக்கிற பறவையைத் தொடவே வேண்டாம். நல்ல பறவையைச் சுத்தம் செய்யும்போதும் கையுறை போட்டுக்கொண்டு, முடிந்தால் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்த நேரத்தில் சாப்பிடுவது, புகைப்பது, கண்ணைக் கசக்குவது எதுவும் கூடாது. கத்தி, பலகை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி அப்புறம் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். குடலையும் பச்சைக் கறித் துண்டுகளையும் வீட்டுப் பூனைக்குப் போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். இந்தக் கிருமி தொற்றிப் பூனைகள் செத்திருக்கின்றன. நன்றாகச் சூடேறிய கறியில் கிருமி பிழைக்காது, ஆபத்தெல்லாம் சுத்தம் செய்யும் கட்டத்தில்தான்.

சுட்ட அன்றைக்கே சமைக்கலாமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். செத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். அந்த விறைப்பு இருக்கும்போது சமைத்தால் எவ்வளவு இளம் பறவையாக இருந்தாலும் கறி ரப்பராகத்தான் வரும். குறைந்தது ஒரு நாள் குளிரில் வைத்தால் விறைப்பு விட்டுப்போகும், இரண்டு மூன்று நாள் வைத்தால் தசைக்குள் இருக்கும் நொதிகளே கறியை மெல்ல மிருதுவாக்கும், ருசியும் கூடும். பழைய முறையில் குடலைக்கூட எடுக்காமல் இறகோடு குளிர்ந்த அறையில் நாள் கணக்கில் தொங்கவிடுவார்கள். அது அறையின் குளிரைக் கூட்டவோ குறைக்கவோ தெரிந்தவர்களுக்குச் சரி. வீட்டில் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குடலை எடுத்து, உள்ளே துடைத்து, ஃப்ரிட்ஜில் 4 டிகிரிக்குக் கீழே ஒரு தட்டில் மூடாமல் இரண்டு மூன்று நாள் வையுங்கள். குண்டு நிறையப் பாய்ந்து கிழிந்துபோன பறவையை மட்டும் இப்படி வைக்காமல் சீக்கிரம் சமைத்துவிடுங்கள்.

இறகு பிடுங்குவதா, தோலோடு உரித்துவிடுவதா என்பது வீட்டுக்கு வீடு சண்டை. உரிப்பது ரெண்டு நிமிட வேலை, ஆனால் தோல் போனால் கறியைக் காய விடாமல் காக்கிற ஒரே கொழுப்பும் போய்விடுகிறது. காட்டுப் பறவையின் கறிக்குள் கொழுப்பு என்று சொல்லும்படி ஏதும் கிடையாது, இருப்பதெல்லாம் தோலுக்கு அடியில்தான். அதனால் நல்ல நிலையில் இருக்கிற பறவைக்கு இறகு பிடுங்குவதற்குச் செலவழிக்கும் நேரம் வீண் இல்லை. 65 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீரில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக முக்கி எடுத்தால் இறகு எளிதில் வரும். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் தோல் வெந்து கிழியும். வாத்தின் இறகில் எண்ணெய்ப் பசை இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காது, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் இறங்கும். பெரிய இறகுகளைப் பிடுங்கிய பின் ஒட்டிக்கொண்டிருக்கும் பூஞ்சிறகுகளுக்கு, உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மெழுகு இறுகியதும் ஓடு மாதிரி உரித்தெடுப்பார்கள். எல்லாம் அதோடு வந்துவிடும்.

சுத்தம் செய்யும்போதே பறவையின் வயதையும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள், சமையல் முறையை அதுதான் தீர்மானிக்கும். ஃபெசன்ட் (கோழி இனத்தைச் சேர்ந்த, நீண்ட வாலுள்ள காட்டுப் பறவை) சேவல் என்றால் காலில் இருக்கும் முள் குட்டையாக மழுங்கி இருந்தால் அந்த வருடத்துப் பறவை, நீண்டு கூராக இருந்தால் முற்றியது. இளம் வாத்தின் வால் இறகு நுனியில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், முற்றிய வாத்துக்கு நுனி கூராக இருக்கும். இளம் பறவையை முழுசாக வறுக்கலாம், வாட்டலாம். முற்றியதை மெதுவாக, ஈரத்தில்தான் வேகவைக்க வேண்டும். உங்கள் குறிப்பு இந்த வித்தியாசத்தையே பார்க்கவில்லை.

கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைக் கட்டாயம் எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் தானியம் புளித்துக் கறிக்கு நாற்றம் ஏற்றும். எடுத்ததைத் தூக்கிப் போடும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். தானியமும் விதையும் இருந்தால் கறி ருசியாக இருக்கும் என்று நம்பலாம். மீனும் நத்தையும் தின்று வாழ்கிற நீர்ப்பறவை என்றால் கொழுப்பில் அந்த மீன் வாடை ஏறியிருக்கும், கறியில் அல்ல, கொழுப்பில். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தம் செய்யும்போது வால் பக்கத்துக் கொழுப்பில் ஒரு துண்டு வெட்டி வாணலியில் உருக்கி மோந்து பாருங்கள். நல்ல மணம் வந்தால் தோலோடு சமையுங்கள். மீன் நாற்றம் வந்தால் தோலையும் கொழுப்பையும் முழுக்க நீக்கிவிட்டு வேறு எண்ணெயில் சமையுங்கள், பிரச்சினையில் பெரும்பகுதி அதோடு போய்விடும். வினிகர் இந்த வேலையைச் செய்யாது, புளிப்பு கறியின் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாக இறங்குவதில்லை. ராத்திரி முழுக்கக் கிடந்தால் மேல்பகுதி குழைந்து மாவாகிப்போவதுதான் மிச்சம்.

வினிகர் வேண்டாம் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஈயம். இதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதமே.

பறவை வேட்டைக்கு ஒரு தோட்டாவில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னக் குண்டுகள் இருக்கும். அவை ஈயமாக இருந்தால், எலும்பில் பட்டதும் சிதறிக் கண்ணுக்குத் தெரியாத துகள்களைக் கறிக்குள் விட்டுப் போகும். குண்டைத் தேடி எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. பிரிட்டனில் வேட்டைப் பறவைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வில் கையால் எடுக்க முடியாத நுண்துகள்கள் நிறையப் பறவைகளில் தெரிந்தன. இனி வினிகர் விஷயம். ஈயக் குண்டு இருக்கும் கறியைப் புளிப்பில் ஊறவைத்துச் சமைத்தால் ஈயம் கூடுதலாகக் கரைந்து, நம் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும் வடிவத்துக்கு வந்துவிடுகிறது என்று காடைக் கறியை வைத்துச் செய்த ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. அதாவது நீங்கள் வாடை போக்கச் சொன்ன வழி, விஷத்தைக் கறிக்குள் இறக்கும் வழி. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளரும் குழந்தையின் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு 2012லேயே, ஈயக் குண்டால் சுட்ட கறியை அடிக்கடி சாப்பிடுகிறவர்கள், முக்கியமாகச் சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும், அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுரை சொல்லிவிட்டது.

தீர்வு துப்பாக்கியிலேயே இருக்கிறது. ஈயத்துக்குப் பதிலாக ஸ்டீலிலும் பிஸ்மத் என்ற உலோகத்திலும் செய்த குண்டுகள் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டை அமெரிக்கா 1991இல் நாடு முழுக்கத் தடை செய்தது. டென்மார்க்கில் 1996இலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து ஈரநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் தடை. இதெல்லாம் முதலில் வந்தது பறவைகளுக்காக. தீனியை அரைப்பதற்காகச் சின்னக் கற்களை விழுங்கும் வாத்துகள், சேற்றில் கிடக்கும் ஈயக் குண்டையும் கல் என்று நினைத்து விழுங்கி, விஷமேறிக் கொத்துக் கொத்தாகச் செத்தன. வேட்டைக்குப் போகும் ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தக் குண்டு என்று கேளுங்கள். ஈயம் என்றால் மாற்றச் சொல்லுங்கள். பறவையைக் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் வெட்கப்படாமல் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி உங்கள் குறிப்பில் இருந்திருந்தாலே நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

எந்தக் குண்டாக இருந்தாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும், ஸ்டீல் குண்டு பல்லை உடைத்துவிடும். கறியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் குண்டு போன பாதை கருஞ்சிவப்பாகத் தெரியும். பெரும்பாலும் அந்தத் துளைக்குள் சின்ன இறகுக் கொத்து ஒன்றைக் குண்டு தன்னோடு இழுத்துப் போயிருக்கும். ஒரு சாமணத்தால் அந்த இறகைப் பிடித்து இழுத்தால் சில சமயம் குண்டும் சேர்ந்தே வந்துவிடும். ரத்தம் கட்டிய இடத்தைத் தாராளமாகவே வெட்டி எறியுங்கள், ஈயக் குண்டாக இருந்தால் இன்னும் அகலமாக. மிச்சமிருக்கும் ரத்தக் கறைக்கு லேசான உப்புத் தண்ணீரில் ஃப்ரிட்ஜில் சில மணி நேரம் வைத்தால் போதும்.

வாத்தின் நெஞ்சுக்கறியை வெட்டும்போது உள்ளே அரிசி மணிகள் மாதிரி வெள்ளையாக வரிசை வரிசையாகத் தெரிந்தால் பயந்துவிடாதீர்கள். அது சார்கோசிஸ்டிஸ் என்ற ஒட்டுண்ணி. நன்றாக வெந்தால் மனிதருக்குக் கெடுதல் செய்யாது. ஆனாலும் பார்க்கவே சாப்பிடத் தோன்றாது, அதிகமாக இருந்தால் நான் ஒதுக்கிவிடுகிறேன்.

இப்போது அடுப்பு. ஒரு மணி நேரம் வேகவிடச் சொன்னீர்களே, அந்த நேரம் நெஞ்சுக்கறிக்கு ரொம்ப அதிகம், கால்கறிக்குப் போதவே போதாது. ஒரே பறவையின் ரெண்டு பாகங்களும் ரெண்டு விதமான கறி. ஃபெசன்ட், கௌதாரி, காடை போன்றவை நாள் முழுக்கத் தரையில் நடந்து மேய்கின்றன, ஆபத்து வந்தால் மட்டும் சடாரென்று கொஞ்ச தூரம் பறக்கின்றன. அதனால் கால் கருத்து உறுதியாகவும் நெஞ்சு வெளுத்து மென்மையாகவும் இருக்கிறது. வாத்தும் புறாவும் மணிக்கணக்கில் பறக்கிறவை. விடாமல் உழைக்கும் தசைக்கு ஆக்ஸிஜன் நிறைய வேண்டும், அதைச் சேர்த்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம்தான் அவற்றின் நெஞ்சுக்கறிக்கு அந்த ஆழ்ந்த சிவப்பைக் கொடுக்கிறது. பண்ணைக் கோழி பெரிதாக நடப்பதும் இல்லை, பறப்பதும் இல்லை, வாரக் கணக்கில் வளர்ந்துவிடுகிறது, அதனால்தான் அதை மொத்தமாக ஒரே சட்டியில் போட்டாலும் சமாளித்துக்கொள்கிறது.

நெஞ்சுக்கறியில் இணைப்புத் திசு, அதாவது தசைகளைச் சேர்த்துக் கட்டும் நார்ப்பகுதி, குறைவு. சூடு 60 டிகிரியைத் தாண்டியதிலிருந்தே தசை இழைகள் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ள ஆரம்பிக்கும், 80, 85க்குப் போனால் வாயில் மெல்ல முடியாத நாராகிவிடும். கால்கறியில் அந்த நார்ப்பகுதியின் புரதமான கொலாஜன் நிறைய இருக்கிறது. அது ஜெலட்டினாகக் கரைவதற்கு 80, 90 டிகிரிச் சூடும், மணிக்கணக்கான நேரமும், ஈரமும் வேண்டும். ஒன்றைக் கெடுக்கும் சூடுதான் இன்னொன்றை உருக்குகிறது. எனவே, ரொம்ப இளம் பறவை தவிர மற்றதையெல்லாம் பிரித்துச் சமையுங்கள். காடை மாதிரிச் சின்னப் பறவைக்கு மட்டும் இந்தப் பிரிவினை வேண்டாம், முதுகெலும்பை வெட்டி எடுத்து விரித்துத் தட்டையாக்கி நல்ல சூட்டில் சீக்கிரம் வாட்டி எடுத்துவிடலாம்.

வெளுத்த நெஞ்சுக்கறிக்கு உப்புத் தண்ணீர் ரொம்ப உதவும். ஒரு லிட்டருக்கு 50 கிராம் உப்புக் கலந்து ஃப்ரிட்ஜில் ரெண்டு மணி நேரம் ஊறவிட்டால், வேகும்போது இழக்கிற தண்ணீர் குறையும். எடுத்து நன்றாகத் துடைத்து, தடித்த வாணலியில் வெண்ணெயோ நெய்யோ தாராளமாக விட்டு நடுத்தரச் சூட்டில் சமையுங்கள், உருகிய கொழுப்பைக் கரண்டியால் மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள். கறிக்குள் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், இந்தச் சமையலுக்கு அதைப் போல உதவும் சாமான் வேறு இல்லை. தடித்த பகுதியின் நடுவில் 74 டிகிரி காட்டியதும் உடனே இறக்கிவிட்டு, சில நிமிடம் தொடாமல் வைத்து அப்புறம் வெட்டுங்கள். காட்டுப் பறவை உட்பட எல்லாப் பறவைக் கறிக்கும் அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு இது. வாத்து நெஞ்சை வேட்டைக்காரர்கள் பலர் உள்ளே சிவப்பாக இருக்கும்போதே எடுத்துச் சாப்பிடுகிறார்கள். அந்த ருசியை நான் மறுக்கவில்லை, ஆனால் குழந்தைகளும் வயதானவர்களும் கர்ப்பிணிகளும் உட்காருகிற பந்தியில் அதைச் செய்ய மாட்டேன். எல்லோரும் படிக்கிற பத்திரிகை 74 என்றுதான் எழுத வேண்டும். 74இலும் கறி நன்றாகவே இருக்கும். அதைத் தாண்டி மறந்துபோய் விட்டுவிடுவதுதான் கெடுக்கிறது.

தோலோடு இருக்கும் வாத்து நெஞ்சுக்கு ஒரு வழி: தோலில் மட்டும், கறியில் படாமல், குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, சூடேறாத வாணலியில் தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். மெல்லச் சூடேறக் கொழுப்பு உருகி வழிந்து, தோல் மொறுமொறுவென்று ஆகும். பிறகு திருப்பிப் போட்டுச் சூடு பார்த்து எடுக்கலாம். வழிந்த கொழுப்பை வடிகட்டி வையுங்கள், கிழங்கு வறுக்க அதைவிட நல்லது கிடையாது.

அப்புறம் நீங்கள் தள்ளிவிடச் சொன்ன கால்கள். எனக்குப் பறவையிலேயே பிடித்த பாகம் அதுதான். ஃபெசன்ட், வான்கோழிக் காலின் கீழ்ப்பகுதியில் தசைநார்கள் எலும்பு மாதிரி இறுகி ஊசி ஊசியாக இருக்கும், இதனால்தான் பலர் ஒருமுறை கடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் தொடுவதே இல்லை. பாதத்தை வெட்டும்போது கணுக்காலைச் சுற்றித் தோலை மட்டும் கீறி, மூட்டை ஒடித்து, பாதத்தைப் பலமாக இழுத்தால் நார்களில் நிறைய அதோடு உருவிக்கொண்டு வந்துவிடும். வராமல் நிற்பதைச் சமைத்த பிறகு உருவிக்கொள்ளலாம், கறி வெந்துவிட்டால் சுலபமாக வரும். கால்களில் உப்புத் தடவி ராத்திரி வைத்து, மறுநாள் எண்ணெயில் நன்றாகச் சிவக்க விட்டு, வெங்காயம், பூண்டு, மிளகு வதக்கி, கால்கறி மூழ்கும் அளவு தண்ணீரோ எலும்புச் சாறோ ஊற்றி, மூடிபோட்டு, குமிழி வருவதும் தெரியாத மெல்லிய தணலில் விடுங்கள். இளம் பறவைக்கு ஒன்றரை மணி நேரம், முற்றியதற்கு மூன்று மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் முள்கரண்டியால் குத்திப் பாருங்கள், கறி எலும்பை விட்டுத் தானாக வரும்போது எடுக்கலாம். குக்கரில் வைத்தால் நேரம் பாதிக்கும் கீழே குறையும், ருசியில் பெரிய குறை இல்லை. சாறு பளபளவென்று கெட்டியாக ஆகியிருக்கும், அது கரைந்த கொலாஜன்.

எலும்புக்கூட்டை உடைத்துப் போட்டு மூன்று நான்கு மணி நேரம் மெல்லக் காய்ச்சினால் கடையில் எங்கும் கிடைக்காத சூப் கிடைக்கும். ஆனால் ஈயக் குண்டால் சுட்ட பறவை என்றால், குண்டு பாய்ந்து நொறுங்கிய எலும்பைச் சூப்புக்குப் போடாதீர்கள், அதில் புளிப்பும் சேர்க்காதீர்கள். இதயத்தையும் தீனி அரைக்கும் பையையும் நான் வீணாக்குவதில்லை. பையைப் பிளந்து கல்லையும் மஞ்சள் உட்தோலையும் நீக்கினால் போதும். நீர்ப்பறவையின் ஈரலை மட்டும் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை, அது விழுங்கிய ஈயம் அங்கே நிறையப் போய்ச் சேரும்.

மிஞ்சினால் ஃப்ரீசரில் வைக்கலாம், காற்றுப் போகாமல் இறுக்கிச் சுற்றி, என்ன பறவை, இளசா முற்றியதா, எந்தத் தேதி என்று மேலே எழுதி. மைனஸ் 18 டிகிரியில் தோல் நீக்கிய கறி பல மாதம் தாங்கும். தோலோடு இருக்கும் வாத்தைச் சீக்கிரம் எடுத்துச் சமைத்துவிடுங்கள், உறைந்திருந்தாலும் கொழுப்பு காறிப்போகும்.

நெஞ்சை மட்டும் அறுத்துக்கொண்டு மீதியைக் குப்பையில் போடுவதைப் படிக்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருந்தது. சின்னப் பறவை சரி, அதில் காலில் கறியே கிடையாது என்பார்கள். ஒரு ஃபெசன்ட்டிலோ வாத்திலோ அப்படி இல்லை, ஒரு ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு அதில் இருக்கிறது. சுட்ட பறவையைத் தேடி எடுக்காமல் விட்டுப்போவதையும், உண்ணத் தகுந்த கறியை எறிவதையும் குற்றமாக வைத்திருக்கும் சட்டங்கள் சில இடங்களில் இருக்கின்றன. சட்டம் சொல்லாத இடத்திலும் ஒரு பத்திரிகை வீணாக்கச் சொல்லித் தரக் கூடாது.

என் வேண்டுகோள் இவ்வளவுதான். வரும் இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். வினிகரில் ஊறவைக்கும் யோசனையைத் திரும்பப் பெறுங்கள், ஈயக் குண்டு பற்றிய எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போடுங்கள், நிமிடக் கணக்குக்குப் பதிலாக 74 டிகிரி என்று எழுதுங்கள், நெஞ்சுக்கும் காலுக்கும் தனித்தனிச் செய்முறை கொடுங்கள். கால்கறிக்கான செய்முறையை அளவுகளோடு முழுசாக எழுதித் தர நான் தயார், அடுத்த வேட்டைப் பருவம் ஆரம்பிக்கும் முன் அது அச்சில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்